மெயிலுக்கு ஸ்டாம்ப் ஒட்டுவது யார்?

காலை ஒன்பதரை மணி. ஒரு நடுத்தரக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவு. சீட்டில் உட்கார்ந்ததும் கை தானாக மெயிலைத் திறக்கிறது. ராத்திரி வந்து சேர்ந்தவை இருபத்துமூன்று. ஒவ்வொன்றாகப் பதில் போட ஆரம்பித்தால், போட்ட பதிலுக்கெல்லாம் பதில் வருகிறது. அதற்கும் பதில். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நாற்பது மெயில் அனுப்பியாயிற்று. அன்றைக்கு உண்மையில் முடிக்க வேண்டியிருந்த பேங்க் ரீகன்சிலியேஷன் மட்டும் முதல் பக்கத்திலேயே நிற்கிறது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், எல்லோரும் கிளம்பிய பிறகு, அதைக் கையில் எடுக்கிறார். தலை ஓடவில்லை. 5,400 என்பதை 4,500 என்று அடித்துவிடுகிறார். இப்படி இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் 9-ஆல் வகுபடும் என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அதைத் தேடிப் பிடிக்க ராத்திரி எட்டு மணிக்கு மூளை பாக்கி இருக்க வேண்டுமே!

இந்த ஆளைப் பற்றி ஆபீஸில் என்ன பேச்சு? "ரொம்ப ஆக்டிவ் சார். மெயில் போட்டா ரெண்டு நிமிஷத்துல ரிப்ளை வந்துடும்." இன்கிரிமெண்ட் சமயத்தில் இவர் பெயர்தான் முதலில் வரும். பக்கத்து சீட்டில் ஒருவர் மூன்று மணி நேரம் மெயிலையே பார்க்காமல் கணக்கைச் சரிபார்த்து முடித்திருப்பார். அவருக்குக் கிடைக்கும் பட்டம்: "ஆளைப் பிடிக்கவே முடியாது".

கோளாறு இங்கேதான் இருக்கிறது. உடனுக்குடன் பதில் போடுவதற்கு உழைப்பு என்று பெயர் வைத்தாயிற்று. அது உழைப்பு இல்லை. அடுத்தவர் கேட்ட வரிசையில் தன்னுடைய நாளைச் செலவழிப்பது, அவ்வளவுதான். அந்த வரிசையில் முக்கியமான வேலை முதலில் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. கடைசியாக வந்த மெயில்தான் மேலே நிற்கும். முக்கியமானது மேலே வர வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

மெயிலே கெட்டது என்பதல்ல வாதம். யார் செலவில் யார் எழுதுகிறார்கள் என்பதுதான் கேள்வி. அதற்குக் கொஞ்சம் தபால் சரித்திரம் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் 1840-க்கு முன்னால் கடிதத்துக்குக் காசு கொடுத்தவர் பெரும்பாலும் அதைப் பெற்றுக்கொண்டவர்தான். தூரத்துக்கு ஒரு ரேட், எத்தனை தாள் என்பதற்கு ஒரு ரேட். ரோலண்ட் ஹில் என்பவர் 1837-ல் ஒரு சிறு புத்தகம் எழுதி இதைத் தலைகீழாக்கச் சொன்னார். எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம், அதையும் அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்ட வேண்டும். 1840-ல் அது நடைமுறைக்கு வந்து, 'பென்னி பிளாக்' என்ற உலகின் முதல் தபால் தலை வந்தது. இந்தியாவுக்கு அதே ஏற்பாடு 1854-ல் டல்ஹௌசி காலத்தில் வந்து சேர்ந்தது. கட்டணம் குறைந்ததால் கடிதங்கள் பெருகத்தான் செய்தன. ஆனால் ஒரு நியாயம் நிலைத்தது. பேச விரும்புகிறவர் செலவை ஏற்பார்.

மெயில் அந்த நியாயத்தைத் திருப்பிப் போட்டுவிட்டது. அனுப்புகிறவருக்கு ஒரு பைசா செலவில்லை. ஐந்து பேருக்கு அனுப்பினாலும் ஐந்நூறு பேருக்கு அனுப்பினாலும் அதே ஒரு க்ளிக். செலவு முழுக்கப் பெறுகிறவர் தலையில். அவர் அதைக் காசாகக் கட்டுவதில்லை, கவனமாகக் கட்டுகிறார். 1840-க்கு முந்தைய முறையே தேவலை என்றுகூடச் சொல்லலாம். அப்போது தபால்காரர் வாசலில் நிற்கும்போது "இந்தக் கடிதம் வேண்டாம்" என்று திருப்பி அனுப்ப முடிந்தது. மெயிலில் அந்த வாசலே இல்லை.

சி.சி. என்ற இரண்டெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் காப்பி என்பதன் சுருக்கம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போன தலைமுறையைக் கேட்டால் தெரியும். தாளுக்கு நடுவே கார்பனைச் சொருகி அடித்தால் நாலைந்து பிரதிக்கு மேல் எழுத்து மங்கிவிடும். ஆகவே யாருக்குப் பிரதி கட்டாயம் என்று யோசித்தாக வேண்டியிருந்தது. இன்றைக்குக் கார்பன் போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம். யோசனையும் கூடவே போய்விட்டது. "எதற்கும் ஒரு காப்பி அவருக்கும் போட்டு வைப்போம்" என்பது ஆபீஸ் ஜாதக தோஷத்துக்குப் பரிகாரம் மாதிரி ஆகிவிட்டது. நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் "உங்களையும் காப்பியில் வைத்திருந்தேனே சார்" என்று காட்டலாம் அல்லவா? இது தகவல் சொல்வதற்காக அனுப்பும் காப்பி இல்லை. பழியைப் பங்கு போடுவதற்காக அனுப்பும் காப்பி.

1971-ல் ரே டாம்லின்சன் அர்பாநெட்டில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதல் மெயிலை அனுப்பினார். அதே 1971-ல் வெளியான ஒரு கட்டுரையில் ஹெர்பர்ட் சைமன் ஒரு விஷயத்தைச் சொன்னார். தகவல் தின்பது கவனத்தை, ஆகவே தகவல் பெருகினால் கவனத்துக்குப் பஞ்சம் வரும் என்பது அதன் சாரம். 1978-ல் சைமனுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. அதே 1978-ல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனியின் விற்பனையாளர் கேரி துவர்க், சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பர மெயில் அனுப்பி ஸ்பாம் என்ற திருப்பணியைத் தொடங்கிவைத்தார். காலம் பொருத்தம் பார்த்துத்தான் கோத்திருக்கிறது!

இதில் இன்னொரு வேடிக்கை. மெயில் காத்திருப்பதற்காகவே உண்டாக்கப்பட்ட சாதனம். அனுப்புகிறவர் இருக்கும் நேரத்தில் பெறுகிறவரும் இருக்க வேண்டியதில்லை. கடிதம் பெட்டியில் கிடக்கும், வந்து எடுத்துக்கொள்ளலாம். போனுக்கும் மெயிலுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். 1999-ல் முதல் பிளாக்பெர்ரி கருவி வந்தது. மெயில் இடுப்பு பெல்ட்டுக்கு இடம் மாறியது. பிறகு எல்லோருடைய போனுக்கும் வந்தது. பெட்டியில் அமைதியாகக் கிடந்த கடிதம் "டிங்" என்று கூப்பிட ஆரம்பித்தது. காத்திருக்கும் குணத்துக்காகப் பிறந்த ஒரு பொருளைக் காலிங் பெல்லாக மாற்றிவிட்டு, "மெயில் தொல்லை தாங்கவில்லை" என்று புலம்பினால் என்ன செய்வது?

காமர்ஸ் படித்தவர்கள் இதில் தப்பு செய்வதுதான் பெரிய ஆச்சரியம். காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சையில் இ.ஓ.க்யூ. கணக்கு வராத வருஷமே கிடையாது. 1913-ல் ஃபோர்டு ஹாரிஸ் எழுதிய சூத்திரம். அது சொல்வது எளிமையான சங்கதி. ஒவ்வொரு முறை ஆர்டர் போடுவதற்கும் ஒரு செலவு உண்டு, சரக்கை வைத்திருப்பதற்கும் ஒரு செலவு உண்டு. ஆர்டர் போடும் செலவு அதிகம், வைத்திருக்கும் செலவு குறைவு என்றால், மொத்தமாக ஒரே தடவையில் வாங்கு. தினம் தினம் ஓடாதே.

இதை அப்படியே மெயிலுக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு முறை மெயிலைத் திறப்பதற்கும் ஒரு செலவு இருக்கிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் இதற்குக் 'கவன மிச்சம்' என்கிற மாதிரி ஒரு பெயர் கொடுத்தார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால், மனசின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், புது வேலை அந்த அளவுக்குக் கெடும். இது ஆர்டர் செலவு. வந்த மெயில் மூன்று மணி நேரம் பெட்டியில் கிடந்தால் என்ன நஷ்டம்? பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுமே இல்லை. இது வைத்திருக்கும் செலவு. விடை? ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, மொத்தமாக. பதினைந்து மார்க் கேள்விக்கு இந்த விடையைச் சரியாக எழுதிவிட்டு, ஹாலை விட்டு வெளியே வந்ததும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இன்பாக்ஸைத் திறக்கிறார்கள்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்கவும் முடியாது. 2012-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க்கும் அவருடைய சகாக்களும் 13 அலுவலக ஊழியர்களின் மெயிலை ஐந்து வேலை நாட்களுக்கு நிறுத்திப் பார்த்தார்கள். இதயத் துடிப்பைக் கருவி வைத்து அளந்தார்கள். மெயில் இல்லாத நாட்களில் அந்த ஊழியர்கள் ஜன்னல் விட்டு ஜன்னல் தாவுவது குறைந்தது, ஒரே வேலையில் அதிக நேரம் நின்றார்கள், பதற்றமும் குறைந்தது. 13 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். 2015-ல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 124 பேரை வைத்து இன்னொரு சோதனை. ஒரு வாரம் நாளைக்கு மூன்றே தடவை மெயில், இன்னொரு வாரம் இஷ்டம் போல. மூன்று தடவை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவு என்று தெரிந்தது.

சரி, எதிர்வாதங்களுக்கு வரலாம். மூன்று உண்டு.

முதல் வாதம்: "அவசரமான விஷயம் வந்தால்?" வீடு பற்றி எரிந்தால் யாரும் மெயில் போடுவதில்லை. அவசரத்துக்குப் போன் இருக்கிறது. உண்மையில் அவசரம் என்பது என்ன என்று அரசாங்கத்தைக் கேட்டாலே போதும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடாதவருக்கு ஜி.எஸ்.டி.ஆர்-3ஏ என்ற நோட்டீஸ் வரும். கறாருக்குப் பெயர் போன வரி இலாகாவே அதில் 15 நாள் அவகாசம் கொடுக்கிறது. மேனேஜர் கொடுப்பது 15 நிமிஷம். அவர் கேட்பதும் பெரும்பாலும் போன வாரமே அனுப்பிய எக்ஸெல் ஃபைலாக இருக்கும், தேடச் சோம்பல்பட்டு மறுபடி கேட்டிருப்பார். தேடும் இரண்டு நிமிஷத்தை அவர் மிச்சம் பிடிக்கிறார். கீழே உள்ளவர் இருபது நிமிஷம் இழக்கிறார். ஸ்டாம்ப் ஒட்டியது யார் என்று இப்போது புரிகிறதா?

இரண்டாவது வாதம்: "பெரிய மனிதர்களுக்குச் சரி, சாமானியருக்கு ஆகுமா?" இங்கே டொனால்ட் நூத் பெயர் அடிபடும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர், கணினி நிரலாக்கக் கலையைப் பற்றிப் பல பாகங்களாக நூல் எழுதிவருபவர். முதல் பாகம் 1968-ல் வந்தது, 4பி என்ற பாகம் 2022-ல் வந்தது. மெயில் பிரபலமாவதற்கு முன்பே பதினைந்து வருஷம் அதைப் பயன்படுத்திவிட்டு, 1990 ஜனவரி 1 முதல் முழுக்க நிறுத்தினார். ஊர் உலகம் மெயிலுக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது அவர் வெளியே வந்துவிட்டார். உலக நடப்பின் மேலேயே மிதந்துகொண்டிருக்க வேண்டியவர்களுக்கு மெயில் நல்லது, தன்னுடைய வேலை ஆழத்தில் இருப்பது என்பது அவர் சொன்ன காரணம். அவருக்கு வரும் மெயில்களைச் செயலாளர் பிரித்து, பிரிண்ட் எடுத்து வைப்பார். அவர் சேர்த்து வைத்து, தோன்றும்போது பதில் எழுதுவார்.

வாதம் நியாயமானதுதான். செயலாளர் வைத்துக்கொள்ளும் வசதி ஆடிட் ஆபீஸில் ஆர்டிகிள்ஷிப் பண்ணும் பையனுக்குக் கிடையாது. அந்தப் பையன் மூன்று மணி நேரம் பதில் போடாமல் இருந்தால் பிரின்சிபல் அறைக்குக் கூப்பிடுவார். அதனால்தான் "நோட்டிஃபிகேஷனை அணையுங்கள், வாழ்க்கை மாறும்" என்கிற ரக அறிவுரை பாதி உண்மைதான். அது பெறுகிறவருக்கு மட்டுமே பாடம் எடுக்கிறது. அனுப்புகிறவரை விட்டுவிடுகிறது. வரி எல்லாம் சம்பளக்காரனிடம் மட்டும் வசூல் பண்ணுவது மாதிரி.

அதிகாரம் இருக்கிற இடத்திலிருந்து பழக்கம் மாறினால்தான் கீழே மாறும். மாற முடியும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் 2011 கடைசியில் ஒரு பகுதி ஊழியர்களுக்கு ஷிப்ட் முடிந்து அரை மணிக்குப் பிறகு பிளாக்பெர்ரிக்கு மெயில் போகாமல் சர்வரிலேயே நிறுத்த ஒப்புக்கொண்டது. 2014-ல் டைம்லர் கம்பெனி, லீவில் போகும் ஊழியர் விரும்பினால் அந்தச் சமயத்தில் வரும் மெயில்கள் அழிந்துபோகும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அனுப்பியவருக்கு, அழிந்தது என்ற தகவலும் வேறு யாரை அணுகலாம் என்ற தகவலும் போய்விடும். பிரான்ஸில் 2017 ஜனவரி 1 முதல், 50 ஊழியர் அளவை எட்டிய நிறுவனங்கள் 'தொடர்பைத் துண்டிக்கும் உரிமை' பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும் என்பது சட்டம். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் அதுபோன்ற உரிமை நடைமுறைக்கு வந்தது. இந்திய மக்களவையில் 2018-ல் சுப்ரியா சுலே இதே நோக்கத்தில் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

மூன்றாவது வாதம்: "எல்லாவற்றையும் பதில் போட்டு இன்பாக்ஸைக் காலியாக்கினால்தான் நிம்மதியாக வேலை பார்க்க முடியும்." இது கடல் அலை ஓயட்டும், பிறகு குளிக்கலாம் என்கிற கதை. போடும் ஒவ்வொரு பதிலும் இன்னொரு மெயிலை வரவழைக்கிறது. வேகமாகப் பதில் போடுகிறவருக்குத்தான் ஊரே மெயில் போடும், அவரிடம்தானே உடனே வேலை நடக்கிறது! மெர்லின் மான் என்பவர் 2007-ல் கூகுளில் பேசிய பேச்சு 'இன்பாக்ஸ் ஜீரோ' என்ற பெயரில் பிரபலமானது. கேட்டவர்கள் அதை "பெட்டியில் மெயில் எண்ணிக்கை பூஜ்யம்" என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் சொன்ன பூஜ்யம், மூளை அந்தப் பெட்டிக்குள் கிடக்கும் நேரத்தைப் பற்றியது. அர்த்தம் மாறியதில் ஒரு நோய்க்கான மருந்தே இன்னொரு நோயாகிவிட்டது.

ஆனால் பழியை முழுக்க மேனேஜர் மீது போட்டுவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை யாரும் கேட்காதபோதும் கை மெயிலைத் திறக்கிறதே, அது யார் உத்தரவு? எப்போது பரிசு கிடைக்கும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் பொத்தானைக் கொத்தும் என்று ஸ்கின்னர் பறவைகளை வைத்தே காட்டியிருக்கிறார். பத்து மெயிலில் ஒன்று இண்டர்வியூ கால் லெட்டராக இருக்கலாம். அந்த ஒன்றுக்காக மற்ற ஒன்பதையும் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டிருப்பது புறாவுக்கு அழகு, பட்டதாரிக்கு இல்லை.

பெறுகிறவர் செய்யக்கூடியது மூன்று விஷயம். நாளின் முதல் இரண்டு மணி நேரத்தை முக்கியமான வேலைக்குக் கொடுத்து, அதன்பிறகே மெயிலைத் திறப்பது. தன் பெயர் சி.சி.யில் மட்டும் இருக்கும் மெயில்களை ஃபில்டர் போட்டுத் தனி ஃபோல்டருக்குத் தள்ளி, சாயங்காலம் ஒரு தடவை பார்ப்பது. "பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் மெயில் பார்ப்பேன், அவசரம் என்றால் கூப்பிடுங்கள்" என்று மேலே உள்ளவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. சொல்லாமல் தாமதித்தால் அலட்சியம் என்பார்கள். சொல்லிவிட்டுத் தாமதித்தால் அதற்குப் பெயர் ஒழுங்கு. கோபப்படுகிற மேலதிகாரி இருப்பார்தான். ஆனால் குறித்த நேரத்தில் பிழையில்லாத கணக்கு கைக்கு வந்தால் அந்தக் கோபம் எத்தனை நாளைக்கு நிற்கும்?

அனுப்புகிறவர் செய்ய வேண்டியது இதைவிட முக்கியம். ஸ்டாம்ப்பை அவர் ஒட்ட வேண்டும். "மீட்டிங் எப்போது வைக்கலாம்?" என்று கேட்டால் ஆறு மெயில் ஓடும். "புதன் மூன்று மணி அல்லது வியாழன் பதினோரு மணி, எது சரி?" என்று கேட்டால் ஒரே பதிலில் முடியும். சப்ஜெக்ட் வரியைக் காலியாக விடாமல், என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதினால் பெறுகிறவர் திறக்காமலேயே வரிசைப்படுத்துவார். ராத்திரி பதினோரு மணிக்கு யோசனை வந்தால் எழுதி வைக்கலாம், காலை பத்து மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவிடலாம். ஜிமெயிலில் 2019-லிருந்தே அந்த வசதி இருக்கிறது. பெரும்பாலோர் கண்ணுக்கு அது படவே இல்லை.

மெயிலை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வாட்ஸப் குரூப்புக்கு மாற்றிவிட்டோம் என்று பெருமை பேசுகிற ஆபீஸ்களும் உண்டு. வாழ்த்துகள். மெயிலில் சப்ஜெக்ட் வரியாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை, கூடுதலாக நீல டிக் வேறு.

கடைசியாக ஒரு கணக்கு. அன்றைக்கு இரவு எட்டு மணிக்கு அந்த அக்கவுண்ட்ஸ் சீட்டில் ஒருவர் 900 ரூபாய் வித்தியாசத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் பிள்ளை தூங்கப் போயிருக்கும். நாற்பது மெயில் அனுப்பியவர்கள் யாரும் அங்கே இல்லை. அவர்கள் வேலை மதியமே முடிந்துவிட்டது. அந்த ஒன்றரை மணி நேரம் எந்த லெட்ஜரிலும் ஏறாது, எந்தச் செலவுத் தலைப்பிலும் வராது. ஆனால் யாரோ கொடுத்திருக்கிறார்கள். டபுள் என்ட்ரியின் முதல் பாடமே அதுதானே? ஒரு பக்கம் வரவு விழுந்தால், இன்னொரு பக்கம் ஒருவருக்குப் பற்று விழுந்தே தீரும்.